மானியத்துக்கு முன்னால் ஒரு வழிகாட்டி: பாலக்கோட்டுப் பெற்றோருக்கு

கல்லூரி முடித்த மகள் ஓசூர் கம்பெனி வேலை வேண்டாம், ஊரிலேயே புளி சுத்தம் செய்து பாக்கெட் போட்டு விற்கிறேன் என்கிறாள்; எந்தக் கடனில் மானியம் அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். மானியம் பிறகு. அவள் போட்ட கணக்கைப் பார்த்துத் தப்பைத் தப்பென்று சொல்ல முதலில் ஒரு வழிகாட்டி வேண்டும்.

அதற்கு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்குப் போங்கள். வங்கிகள் நடத்துவது, பயிற்சியும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பலர் சான்றிதழோடு திரும்பிவிடுகிறார்கள். பயிற்சி முடிந்து 2 ஆண்டுகள் வரை தொடர்ந்து கைகொடுப்பதும் அந்த நிலையத்தின் பொறுப்பு. கேட்டு வாங்குங்கள்.

வழிகாட்டியிடம் மகள் எடுத்துப் போக வேண்டியது அடக்கவிலைக் கணக்கு. 100 கிலோ ஓட்டுப்புளியில் சதை தேறுவது சுமார் 55 கிலோ. கொட்டை 34, மீதி ஓடும் நாரும். ஓட்டோடு கிலோ 40 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோ சதைக்கு அப்போதே 73 ரூபாய் ஆகிவிடுகிறது. புளி தட்டும் கூலி, பாக்கெட், வண்டி வாடகை எல்லாம் இதற்கு மேல். அடுத்தது சரக்கு இருப்பு. மாசி, பங்குனியில் வாங்கினால்தான் வருடம் முழுக்க விற்க முடியும். வெளியே போட்டு வைத்தால் புளி கறுத்து விலை இறங்கும், ஆகவே குளிர்பதனக் கிடங்கு வாடகையும் சேரும். இயந்திரத்துக்கு மட்டும் கடன் எழுதிவிட்டு, சீசனில் சரக்கெடுக்கப் பணமில்லாமல் நிற்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய அடி.

சரக்கு விற்பவரையோ வாங்குபவரையோ வழிகாட்டியாக வைக்காதீர்கள். அவர் லாபம் வேறு, உங்கள் லாபம் வேறு. 15 நாளுக்கு ஒருமுறை, வரவு செலவு நோட்டோடு வழிகாட்டியிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் பேசுவது மகளாக இருக்கட்டும். தொழில் நடத்தப்போவது அவள்.

இனி மானியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோர் சிறப்புப் பிரிவு. கிராமத்தில் தொடங்கினால் 35 சதவீத மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம். 6 லட்ச ரூபாய்த் திட்டத்துக்கு உங்கள் கையிலிருந்து 30,000, மானியம் 2,10,000. ஆனால் அந்த மானியத் தொகை 3 ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருக்கும், செலவுக்கு எடுக்க முடியாது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் ஒப்பிடுங்கள்: 35 சதவீத மானியத்தோடு 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. இரண்டுக்கும் மாவட்ட தொழில் மையத்தில் விசாரிக்கலாம். மானியம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிரதமர் திட்டத்தின் இந்த 35 சதவீத மானியம் புதுத் தொழிலுக்கு மட்டுமே. கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை இயந்திரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.