கேமா, தூக்கமா, மனமா: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ராத்திரி 2 மணி வரை போனில் கேம். ஆறு மாதமாக மார்க் இறங்குகிறது, கபடிக்கும் போவதில்லை. போனைப் பிடுங்கினால் கத்துகிறான், சாப்பிடுவதில்லை. இது அடிமைப் பழக்கமா டாக்டர்?
– ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: மணிக்கணக்கை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாதம்மா. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் குறைபாடு இடம்பெற்றிருக்கிறது. அந்த நோய் என்று சொல்ல, ஆட்டம் கட்டுப்பாட்டை மீறுவது, மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் போவது, கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து படிப்பையோ உறவையோ குலைக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது கபடிதான். கேமுக்காக அதை விட்டானா, விட்ட பிறகு கேம் கூடியதா? இரண்டாவது என்றால் மனச்சோர்வு, பதற்றம், பள்ளியில் யாராவது கேலி செய்வது என்று வேறு ஏதோ அடியில் இருக்கலாம். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரும். எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது பிள்ளைகள் எளிதாகப் பேசுவார்கள்.

முதல் வேலை தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். எழும் நேரத்தை ஞாயிறு உட்பட காலை 6.30 என்று வைத்துவிட்டு, படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னால் நகர்த்துங்கள். ராத்திரி எல்லார் போனும், உங்களுடையதும்தான், கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். "அலாரத்துக்கு வேணும்" என்பான். ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள்.

நடு மேட்சில் பிடுங்காதீர்கள். குழு ஆட்டத்தில் பாதியில் போனால் பாயிண்டும் போகும், கூட்டாளிகளிடம் திட்டும் விழும். அந்தக் கோபம்தான் உங்கள் மேல் பாய்கிறது. "ஒன்பதுக்கு மேல் புது மேட்ச் தொடங்கக் கூடாது" என்று அவனையும் வைத்தே பேசி முடிவெடுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் முறுக்கிக்கொள்வான். அதற்காக விதியைத் தளர்த்தினால், கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான்.

மூன்று வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தூங்கிய, ஆடிய நேரங்களை ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவும். "சாகணும்" என்று ஒரு தடவை சொன்னாலும், கையைக் கீறிக்கொண்டாலும் மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல், மாத்திரை, பூச்சிமருந்தை அகற்றிவிட்டு, அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.