“அம்மா, நீ ஸ்கூலுக்கு வராதே!”

மேடம், வணக்கம்.

டோக்கியோவில், எதோகவா பகுதியில் இருக்கிறோம். நிஷி கசாய் ஸ்டேஷன் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய. கணவருக்கு ஐ.டி. வேலை. வந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள், ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. இந்தியப் பள்ளியின் ஃபீஸ் கட்டுப்படியாகாமல் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தோம். இன்று அவள் ஜப்பானியம் பேசுவதைக் கேட்டால் வெளிநாட்டுப் பிள்ளை என்றே தெரியாது. நான்தான் இன்னும் தட்டுத் தடுமாறுகிறேன். பள்ளியிலிருந்து வரும் நோட்டீஸை அவள்தான் படித்துச் சொல்வாள். மாதாமாதம் வரும் மதிய உணவுப் பட்டியலில் எந்த நாள் மாட்டிறைச்சி என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் தருவாள். அன்றைக்கு மட்டும் நான் டப்பா கட்டிக்கொடுப்பேன்.

டிசம்பரில் டீச்சர் பெற்றோரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கணவரால் வர முடியவில்லை. மகளை வைத்துக்கொண்டு பேசினேன். அன்றிரவிலிருந்து “இனிமே நீ ஸ்கூலுக்கு வராதே” என்று ஆரம்பித்தாள். விடுமுறைக்கு முன் பள்ளியில் பிள்ளைகளே சுத்தம் செய்யும் ‘ஓசோஜி’ நாளுக்காக, பழைய துண்டை மடித்துத் துடைக்கும் துணி தைத்தேன். தையல் கோணலாம். கடையில் வாங்கித் தரச் சொன்னாள்.

டிசம்பர் 26 முதல் ஜனவரி 7 வரை குளிர்கால விடுமுறை. கணவருக்கு 29 முதல் 3 வரைதான் லீவு. டிக்கெட் விற்ற விலைக்கு ஊருக்குப் போகவில்லை. மகளுக்கு லீவு வேலையாக ‘ககிசோமே’ கொடுத்திருந்தார்கள். புத்தாண்டு பிறந்ததும் தூரிகையால் நீளத் தாளில் எழுதும் முதல் எழுத்து. மூன்றாம் வகுப்பில்தான் முதல்முறையாகத் தூரிகை பிடிக்கிறார்கள். ஜனவரி 2ஆம் தேதி, தரையில் செய்தித்தாள் விரித்து, கறுப்பு விரிப்பின் மேல் தாளை வைத்து, முட்டி போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எழுத வேண்டிய வார்த்தை ‘தொமொதாச்சி’. நண்பர்கள் என்று அர்த்தம். நாலைந்து தாள் வீணாகி, கடைசித் தாளில் பாதி எழுதிவிட்டாள். அப்போது மதுரையிலிருந்து மாமியார் வீடியோ காலில் வந்தார். “பாட்டிகிட்ட பேசு” என்றேன். நிமிரவில்லை. மூன்று தடவை சொன்னேன். பிறகு தாளைப் பிடித்து இழுத்துவிட்டேன் மேடம். மைக்கிண்ணம் கவிழ்ந்து தாள் முழுக்க ஓடியது. அவள் அழவில்லை. மை பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். போனில் மாமியார், “பிள்ளையை ஜப்பான்காரியா வளர்த்துட்டே” என்றார்.

பொங்கலன்று, 15ஆம் தேதி, எல்லோருக்கும் வேலை நாள். விடியுமுன் எழுந்து பால் பொங்க வைத்தேன். பொட்டு வைக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போது தமிழில் கேட்டால் ஜப்பானியத்தில்தான் பதில் வருகிறது. கணவர் “விடு, சரியாகிவிடும்” என்கிறார். என் பிள்ளை எனக்கே அந்நியமாகிவிட்டாளோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

– ஒரு தாய், டோக்கியோ

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மை பட்ட கை என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதை மறைக்காமல் எழுதினீர்களே, அந்த மனசுதான் இதைச் சரிசெய்யப் போகிறது.

உங்கள் மகள் உங்களை வெறுக்கவில்லை. களைத்துப்போயிருக்கிறாள். கடிதத்தின் தொடக்கத்தில் நோட்டீஸ் படிப்பதையும் சிவப்பு வட்டத்தையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு விஷயமே அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்பது வயதில் அவள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்கிறாள். புலம்பெயர்ந்த குடும்பங்களில் இது சகஜம். சில பிள்ளைகளுக்கு அதில் பெருமைகூட உண்டு. ஆனால் டிசம்பரில் நடந்தது வேறு. டீச்சர் தன்னைப் பற்றிச் சொன்னதை, குறையோ நிறையோ, அவளே தன் வாயால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர்களே கூசிப்போகும் வேலை அது. “ஸ்கூலுக்கு வராதே” என்பதை “அந்த வேலையை என்னிடம் தராதே” என்று படித்துப் பாருங்கள்.

அதனால் முதலில் அந்தச் சுமையை இறக்குங்கள். நோட்டீஸ்களை மொபைல் கேமரா மொழிபெயர்ப்பில் நீங்களே படியுங்கள். கரடுமுரடாகத்தான் வரும், தேதியும் கொண்டுபோக வேண்டிய பொருளும் புரிந்தால் போதும். உணவுப் பட்டியலில் மாடு என்பதற்கான ‘கியூ’ எழுத்து நான்கே கோடுகள். ஒரு மாலையில் கற்றுக்கொண்டு அடுத்த மாதம் நீங்களே வட்டம் போடுங்கள். நோட்டீஸில் கஷ்டமான எழுத்துகளின் மேல், உச்சரிப்பைக் காட்டும் எளிய ‘ஹிரகானா’ எழுத்துகளைப் போட்டுத் தரும்படியும், பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்றும் பள்ளியில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அன்று கணவர் அரை நாள் லீவு போடட்டும். “விடு, சரியாகிவிடும்” என்று சொல்பவர் செய்ய வேண்டிய பங்கு அது. தன் அம்மாவிடம் பேச வேண்டியவரும் அவர்தான். மாமியாரின் சொல்லுக்கு நீங்கள் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஜப்பானியப் பள்ளிகளில் 1995 முதல் மனநல ஆலோசகர்களை நியமிக்கத் தொடங்கினார்கள். பெற்றோரும் நேரம் கேட்டுச் சந்திக்கலாம்.

அடுத்தது, அந்தத் தாள். மன்னிப்புக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டிருக்காவிட்டால் இன்றே கேளுங்கள். “நீ ஒழுங்கா பாட்டிகிட்ட பேசியிருந்தா” என்று வால் சேர்க்காதீர்கள். “நீ அவ்வளவு பாடுபட்டு எழுதினதை நான் கெடுத்துட்டேன். அது என் தப்பு” என்று நிறுத்திவிடுங்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகலாம். போகட்டும். புத்தாண்டு முடிந்து பள்ளி திறந்ததும் அந்தத் தாள்களை வரிசையாகச் சுவரில் மாட்டிவைப்பது அங்கே வழக்கம். அவள் எதைக் கொண்டுபோனாள், டீச்சரிடம் என்ன சொன்னாள் என்பது உங்களுக்குத் தெரியுமா? கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள்.

தமிழ் போய்விடும் என்ற பயம் நியாயமானது. பள்ளி மொழி இப்படி அடித்துக்கொண்டு வரும்போது வீட்டு மொழி காதில் தங்கி, நாக்கை விட்டு நழுவுவது உண்டு. நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். அவள் எதில் பதில் சொன்னாலும் திருத்தாதீர்கள். வீடியோ காலைப் பரீட்சையாக்க வேண்டாம். “பாட்டிகிட்ட பேசு” என்று கேமரா முன் நிறுத்தினால் எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று பாட்டிக்குக் காட்டச் சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு வார்த்தை வந்திருக்கும். மாமியாரும் ரசித்திருப்பார்.

பொங்கலைப் பற்றி ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். உங்கள் கடிதத்தில் பொங்கல் ஒரு பக்கமும் ஜப்பான் இன்னொரு பக்கமும் கயிறு இழுக்கின்றன. நடுவில் பிள்ளை. ஆனால் ஜனவரி 15 அந்த ஊருக்கும் பழைய திருநாள்தான். ‘கோஷோகட்சு’, சின்னப் புத்தாண்டு என்பார்கள். சிவப்புக் காராமணி மாதிரி இருக்கும் அசுகிப் பயறை அரிசியோடு சேர்த்துக் கஞ்சி வைத்துச் சாப்பிடுவது அன்றைய வழக்கம். 1999 வரை அந்தத் தேதி அங்கே பொது விடுமுறையாகவும் இருந்தது. புத்தாண்டு அலங்காரங்களை ஊர்கூடித் தீமூட்டி எரிக்கும் ‘தோந்தோயாகி’யும் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும். நம் போகி நினைவுக்கு வரவில்லையா? அந்தத் தீயில் ககிசோமே தாளையும் போடுவார்கள். எவ்வளவு உயரப் பறக்கிறதோ அவ்வளவு எழுத்து அழகாகும் என்பது நம்பிக்கை. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்ட ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. மகளிடம் அதைச் சொல்லி ‘பார், எல்லாம் நம்மிடமிருந்து வந்ததுதான்’ என்று ஜெயிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு ஊரிலும் தை பிறக்கும் நேரத்தில் அரிசியும் பயறும் ஒரே பானையில் வேகின்றன. அவளுக்கு அது போதும்.

வேலை நாளில் விடியற்காலைப் பொங்கல் என்பது பள்ளிக்கு ஓடும் பிள்ளைக்கு அவசரம்தான். அடுத்த வருடம் பக்கத்துச் சனிக்கிழமை வையுங்கள். அவள் விரும்பினால் இரண்டு தோழிகளைக் கூப்பிடட்டும். பொட்டு வைத்துக்கொண்டு வகுப்பில் தனியாக நிற்பது வேறு. தன் வீட்டில் தோழிகளுக்குப் பொட்டு வைத்துவிடுவது வேறு.

அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இந்த வாரம் கடைக்குப் போய் நீளத் தாள் ஒரு கட்டும், ஒரு மைப் புட்டியும், உங்களுக்கென்று ஒரு தூரிகையும் வாங்கி வாருங்கள். செய்தித்தாளை விரித்துவிட்டு நீங்கள் முதலில் உட்காருங்கள். கூப்பிட வேண்டாம். தமிழில் ‘நண்பர்கள்’ என்று எழுதிப் பாருங்கள். உங்கள் பிடி தப்பாகத்தான் இருக்கும். அவள் வந்து திருத்தினால் கையைக் கொடுங்கள். எழுதிய தாளைச் சுவரில் ஒட்டுவதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்