தொண்ணூறுகளின் கடைசியில் இணையத்தில் தமிழ் படிக்க ஏன் தனித்தனி எழுத்துரு தேவைப்பட்டது?

அப்போது பெரும்பாலான கணினிகளுக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் (கணினி நினைவகத்தின் ஒரு சிறு அலகு) என்ற கணக்கில் மொத்தம் 256 இடங்கள்தான். முதல் பாதியில் ஆங்கிலம் உட்கார்ந்திருந்தது. மறுபாதியில், பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில், தமிழ் வடிவங்களை வரைந்து வைத்து ஒப்பேற்றினார்கள். ‘க’ எந்த இடத்தில், ‘ங’ எந்த இடத்தில் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதனால் ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் அதற்குரிய எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் திரை முழுக்கத் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகள்தான்.

பிரவுசிங் சென்டரில் கட்டிய காசில் முதல் கால் மணி நேரம் இதற்கே போய்விடும். அடுத்த நாள் போனால் வேறு கணினி கிடைக்கும். மறுபடி முதலிலிருந்து!

சரி, எப்படித் தீர்ந்தது? 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதை வரையறுக்க டாம், டாப் என இரண்டு தரங்கள் வந்தன. இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி என்ற தரம் தனியாக ஓடியது. (ஒன்று கேட்டால் மூன்று கிடைத்தது.) ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000, எக்ஸ்பி இரண்டும் லதா என்ற யூனிகோடு தமிழ் எழுத்துருவோடு வந்த பிறகுதான் அது பரவலாகப் புழங்கத் தொடங்கியது.

நான் அப்போது சேமித்த சில மின்னஞ்சல்கள் இன்னும் கொம்பு முளைத்தபடியே இருக்கின்றன. எழுத்துமாற்றியில் போட்டுத்தான் படிக்கிறேன்.