கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்: ரொட்டொருவா கார்ப் பயணம், கேள்வி பதில்

நியூசிலாந்தின் வட தீவில், ரொட்டொருவாவுக்கும் டௌப்போவுக்கும் நடுவே பூமி கொதிக்கிற பகுதியில் நான்கு முறை கார் ஓட்டியிருக்கிறேன். ஜூன் விடுமுறை நெருங்கினால் போதும், இங்கே சிங்கப்பூரில் லிஃப்டில் பார்ப்பவர்களும் தேக்கா மீன்கடையில் பார்ப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். இந்த வருஷம் வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில்.

ஆக்லாந்தில் இறங்கினதும் நேரே ரொட்டொருவாவுக்கு ஓட்டிவிடலாமா? மூணு மணி நேரம்தானே? (பொங்கோல், இரண்டு பிள்ளைகளின் அப்பா)

தூரம் சுமார் 230 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். கணக்கு சரிதான், உடம்புதான் கேட்காது. இரவு விமானத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்தே போகிறீர்கள். கடிகாரமும் நான்கு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். முதல் தடவை நானும் இப்படித்தான் வீராப்பாகக் கிளம்பினேன். ஓரக் கோட்டு மேடுகளில் டயர் ஏறி 'டர்ர்ர்' என்று சத்தம் வந்த பிறகுதான் கண்ணை மூடியிருந்தேன் என்பதே தெரிந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றுவரை வீட்டில் அதைச் சொல்லவில்லை.

ஹாமில்டனில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போங்கள். ஜூனில் அங்கே குளிர்காலம், ஐந்தேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் பல இடங்களில் நடுவே தடுப்பு கிடையாது. எதிரே வருகிறவரும் 100 கிலோமீட்டர் வேகத்தில்தான் வருவார். ஒரே வண்டி போகிற பாலங்களும் உண்டு. பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாய், சிவப்பாய் இருந்தால் நின்று வழிவிடுங்கள்.

நம்ம லைசென்ஸ் செல்லுமா? (அதே அப்பா)

செல்லும், ஆங்கிலத்தில்தானே இருக்கிறது. கையோடு வைத்திருங்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் மின்பயண அனுமதி (NZeTA) வாங்க வேண்டும். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கார் இருக்கை கட்டாயம். வாடகைக் காரோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

ஊரே அழுகின முட்டை நாத்தமாமே? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே? (ஈசூன் அக்கா)

நாற்றம் உண்டு அக்கா. ஊருக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அரை மணி நேரத்தில் மூக்குப் பழகிவிடும்.

அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. திறந்தவெளியில் நடந்து போகிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் அடைத்த அறையிலும் தேங்கும். அளவு மிகுந்துவிட்டால் மூக்குக்கு வாசமே தெரியாமல் போய்விடும். அதனால் "நாத்தம் நின்னுடுச்சு" என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. சில விடுதிகளில் நிலத்தடி வெந்நீர் வருகிற குளியலறை இருக்கும். சுவரில் காற்றுத் துவாரம் வைத்திருப்பார்கள். குளிருகிறது என்று அதில் துண்டைச் சொருகிவிடாதீர்கள். அந்த ஊரில் இந்த வாயுவால் உயிர்கள் போயிருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கு அந்தக் காற்று ஆகாது. இரண்டாம் நாளே என் மனைவியின் கொலுசு அடுப்பங்கரி நிறத்துக்கு வந்துவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு நாள் முழுக்கத் திட்டினாள். பாவம், அவன்மேல் தப்பில்லை. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ஊர் திரும்பி விபூதி போட்டுத் தேய்த்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது.

ஒரே நாள்தான் இருக்கு. எதைப் பாக்கலாம், எதை விடலாம்? (ஜூரோங் வெஸ்ட்)

என்னைக் கேட்டால் முதலில் வைமாங்கு. 1886 ஜூன் 10 அன்று டாராவேரா எரிமலை வெடித்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிப்பாறைகள் ஒரே இரவில் போய்விட்டன. அந்த வெடிப்பில் பிறந்ததுதான் இந்தப் பள்ளத்தாக்கு. அங்கே வெளிர்நீல ஏரி ஒன்று ஏறக்குறைய 38 நாளுக்கு ஒரு சுற்றாக ஏறி இறங்குகிறது. இறக்கத்திலேயே நடந்து போய், திரும்பும்போது பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு வசதி.

அடுத்தது வை-ஓ-டாப்பு. அங்கே ஷாம்பெயின் குளம் சுமார் 65 மீட்டர் அகலம், தண்ணீர் 70 பாகைக்கு மேல். ஓரமெல்லாம் செங்காவி நிறம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த நிறம் ஆர்செனிக், ஆன்டிமனி சேர்மங்களால் வருவது. லேடி நாக்ஸ் ஊற்று காலை 10.15க்குப் பீய்ச்சும். தானாக இல்லை, சவக்காரம் போட்டுக் கிளப்புகிறார்கள்! அந்தக் காலத்தில் கைதிகள் துணி துவைக்கப் போய்க் கண்டுபிடித்த வித்தை. ஒரு தடவை பார்த்தால் போதும்.

காசில்லாம பாக்க எதுவும் இல்லியா? (தெம்பனிஸ்)

ஊருக்குள்ளேயே குயிராவ் பூங்கா. வை-ஓ-டாப்பு பக்கத்தில் சேற்றுக் குளம் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். கேழ்வரகுக் கூழ் கெட்டியாகிற நேரத்தில் 'ப்ளப்... ப்ளப்' என்று குமிழி உடையுமே, அதே சத்தம். வட்டம் வட்டமாக விரிந்து அடங்கும். வேலியைத் தாண்டாதீர்கள். மேல் ஓடு மெல்லியது, காலை வைத்தால் உள்ளே போய்விடும். கெரசீன் கிரீக் ஓடையில் சும்மாவே குளிக்கலாம், ஆனால் தலையை முக்காதீர்கள். மூக்கு வழியாக அமீபா புகுந்தால் மூளைக்காய்ச்சல்.

நாங்க சைவம். ஊறுகாய், முறுக்கு கொண்டு போலாமா? (பிடோக் அத்தை)

எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் உணவு என்று எழுதிக் காட்டிவிடுங்கள் அத்தை. மறைத்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேனும் பச்சைக் கறிவேப்பிலையும் வீட்டிலேயே இருக்கட்டும். ஃபாக்காரேவாரேவா மாவோரி கிராமத்தில் கொதிக்கிற குளத்தில் சோளக்கதிரை இறக்கி வேகவைத்துத் தருவார்கள். அதில் சந்தேகமே வேண்டாம்.

இவ்வளவு நீராவி சும்மா போகுதே, மின்சாரம் எடுக்க மாட்டாங்களா? (உயர்நிலை மூன்று மாணவி)

எடுக்கிறார்கள் கண்ணு. டௌப்போ பக்கத்தில் வைராக்கே மின்நிலையம் 1958லிருந்து ஓடுகிறது. ஆனால் பூமியிலிருந்து எடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு. ரொட்டொருவாவில் வீட்டுக்கு வீடு துளை போட்டு வெந்நீர் எடுத்ததில் ஊற்றுகள் அடங்க ஆரம்பித்தன. அந்த ஊரின் பேர்போன வெந்நீர் ஊற்றான போஹுட்டுவைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளை மூடச் சொல்லி 1986இல் அரசாங்கம் உத்தரவு போட்டது. அதன் பிறகு ஊற்றுகள் பல தேறிவிட்டன.

செம்பவாங்கிலயே வெந்நீர் ஊத்து இருக்கே, அவ்வளவு செலவு எதுக்கு? (என் மாமனார்)

மாமா, அது 1909லேயே கண்டுபிடித்தது, தண்ணீரும் 70 பாகை வரை சுடும். ஆனால் நமக்குக் கீழே எரிமலை இல்லை. மழைத்தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, பாறை வெடிப்பு வழியே மேலே வருகிறது, அவ்வளவுதான். இருந்தாலும் கிளம்புவதற்கு முன் பிள்ளைகளை அங்கே ஒருமுறை கூட்டிப்போவது நல்லது. ஒரு வாளி, ஆறு முட்டை, கொஞ்சம் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வேகிற தண்ணீரை அவர்களே பார்க்கட்டும். அதை நேரில் பார்த்த என் பையன் ரொட்டொருவாவில் வேலிப் பக்கமே போகவில்லை.