மழை குறைந்த பிறகு வெள்ளம் ஏன்?

கேள்வி: 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, எங்கள் பகுதியில் மழை குறைந்த பிறகுதான் தென்பெண்ணை கரைமீறி வந்தது. அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?
— வாசகி, கண்டக்காடு, கடலூர்

பதில்: மேற்கே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து, அம்மா. கரை கடந்த புயல் மேற்கே நகர்ந்து, அங்கே ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. பாம்பாறு அதை வாரிக்கொண்டு வந்து பெண்ணையில் சேர்த்தது. பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையால் தாங்க முடியவில்லை. டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். அந்த நீர் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி உங்கள் வாசலுக்கு வருவதற்குள் இங்கே வானம் தெளிந்துவிட்டது.

பாசனப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலிருந்து இதைத்தான் சொல்லி வருகிறேன்: ஆற்றங்கரையில் இருப்பவர்கள் உள்ளூர் வானத்தைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. பெண்ணையின் நீர்ப்பிடிப்பு கர்நாடகத்து நந்தி மலையில் தொடங்குகிறது. தாழங்குடாவில் அது கடலில் சேரும் இடத்தில் நாம் இருக்கிறோம். புயல் காற்றில் கடல் உயர்ந்து நின்றால் முகத்துவாரத்தில் வெள்ளம் வடியாமல் தேங்கும்.

எந்த மழை எந்த ஆற்றுக்குப் போகும் என்பதை மேடுதான் தீர்மானிக்கிறது. கனமழை நாளில் நம் கடலூர் கேப்பர் மலைச் சாலையோரம் நின்று பாருங்கள். செம்மண் கலங்கிய ஓடைகளில் வடக்குச் சரிவில் இறங்குபவை கெடிலம் ஆற்றுக்குப் போகும். மறுபுறம் இறங்குபவை பரவனாறு, உப்பனாற்றுப் பக்கம் போகும். அந்த ஓடைகளைத் தூர்த்து மனை போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. தண்ணீர் தன் பழைய தடத்தைத் தேடித்தான் வரும்.

இந்த எல்லைகளும் முழுதாகப் பூட்டியவை அல்ல. திருக்கோவிலூர்ப் பக்கம் பெண்ணையிலிருந்து பிரியும் மலட்டாறு கெடிலத்தில் கலக்கிறது. ஆகவே பெண்ணை பெருகினால் கெடிலக்கரைக்காரர்களும் விழித்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் சாத்தனூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்ற அறிவிப்பைத் தினமும் கேளுங்கள். உள்ளூர் மழை அளவை விட அது உங்களுக்கு முக்கியம்.

கேள்வி: எங்கள் புதுச்சேரியின் ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் ஒரே ஆற்று நீர்தானா?
— வாசகர், வில்லியனூர்

பதில்: இல்லை. ஊசுட்டேரிக்குச் செஞ்சி மலைப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆற்று நீர், சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வருகிறது. பாகூர் ஏரிக்குப் பெண்ணை நீர், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. செஞ்சியில் நல்ல மழை பெய்தால் ஊசுட்டேரி நிரம்பலாம். அதனால் மட்டும் பாகூருக்குத் தண்ணீர் வந்துவிடாது.