பேராசிரியரைப் பரிந்துரைத்தல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் பி.காம். படித்துவிட்டு, இப்போது பாரிமுனையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். எங்களுக்குக் கணக்குப்பதிவியல் கற்பித்த பேராசிரியரைச் சிறந்த ஆசிரியர் விருதுக்குப் பரிந்துரைக்க முன்னாள் மாணவர்கள் சிலர் விரும்புகிறோம். நான் எழுதிய கடிதத்தை இணைத்துள்ளேன். படித்துப் பார்த்தால் பணிநிறைவு விழா வாழ்த்துமடல் போல இருக்கிறது. அவர் எங்கள் தாளில் தவறான விடையை அடிக்கவே மாட்டார். எந்த வரியில் முதலில் பிசகினோமோ அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தந்துவிடுவார். இப்படிச் சின்ன விஷயங்களை விருதுக் குழுவுக்கு எழுத முடியுமா? அவருக்குத் தெரியாமல் அனுப்புவது முறையா? ஆங்கிலம் கற்பித்த கௌரவ விரிவுரையாளரையும் பரிந்துரைக்கலாமா என்று என் தோழி கேட்கிறாள்.

க.,
கொருக்குப்பேட்டை

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் விருதுக் குழுவுக்கு எழுதத்தக்கது அந்தப் புள்ளி ஒன்றுதான். இணைப்பில் அனுப்பிய இரண்டு பக்கங்களில் ‘அர்ப்பணிப்பு’, ‘தன்னலமற்ற சேவை’, ‘மாணவர்களின் விடிவெள்ளி’ எல்லாம் இருக்கின்றன. புள்ளி மட்டும் இல்லை. அந்த இரண்டு பக்கங்களையும் பெயரை மட்டும் மாற்றித் தமிழ்நாட்டின் எந்த ஆசிரியருக்கும் அனுப்பிவிடலாம் என்பதே அவற்றின் குறை.

புள்ளியை விரித்து எழுதுங்கள். எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு நிலுவைகளையும் இரு பக்கமாகத் தொகுக்கும் பட்டியலான இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒத்துவராதபோது, முதலாண்டு மாணவர் செய்வது என்ன என்பது உங்களுக்குத் தெரியும்: வித்தியாசத்தை, காரணம் தெரியும்வரை நிறுத்திவைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டு ஒப்பேற்றிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். சிவப்பு மையால் முழுப் பக்கத்தையும் அடித்துத் தரும் ஆசிரியரிடமிருந்து அவர் கற்றுக்கொள்வது, விடை தவறு என்பதை மட்டுமே. உங்கள் பேராசிரியர் வைத்த புள்ளியோ, பற்று வைக்க வேண்டிய தொகையை எந்த இடத்தில் வரவு வைத்தோம் என்று முதல் பதிவு எழுதிய குறிப்பேடு வரை திரும்பிப் போய்த் தேடும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துகிறது. தொகை பக்கம் மாறி விழுந்திருந்தால் வித்தியாசம் அதைப்போல் இரு மடங்காக இருக்கும், ஆகவே வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேட வேண்டும் என்பதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்கள் மறந்திருப்பார்கள். தானே தேடிக் கண்டுபிடித்தவர் மறக்கமாட்டார். இன்று தணிக்கையாளர் அலுவலகத்தில் நீங்கள் செய்யும் வேலையே அதுதான் என்பதால், அதை எழுத உங்களைவிடத் தகுதியான ஆள் இல்லை. அவர் வகுப்புக்கு முன் உங்களால் செய்ய முடியாமல் இருந்தது எது, பின்பு முடிந்தது எது, இடையில் அவர் செய்தது என்ன என்ற மூன்றையும் ஒரு கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்லுங்கள். பென்சில் புள்ளியுடன் பழைய விடைத்தாள் யாரிடமாவது இருந்தால் அதன் படியையும் இணையுங்கள்.

தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் நம்பி எழுதாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் இளநிலைத் தாள் ஒன்றுக்கு அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்று மதிப்பெண் பிரிந்திருக்கிறது. அந்த 25-ஐ வழங்குபவர் ஆசிரியரே. மேலும், முழு மதிப்பெண்ணை நெருங்கியவர்களை மட்டும் சேர்க்கும் கல்லூரியின் தேர்ச்சியையும், வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் தமிழ்வழியில் படித்து, வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆளாக வருபவர்களைச் சேர்க்கும் கல்லூரியின் தேர்ச்சியையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. அரியர் வைத்தவர்களில் எத்தனை பேரை அவர் மீண்டும் உட்கார வைத்துத் தேற்றினார் என்பது இதைவிட நல்ல சான்று.

மாணவர்களின் அன்பும் தனியாகச் சான்றாகாது என்பேன்; இதில் பலர் என்னோடு மாறுபடுவார்கள். 1921-இல் ராதாகிருஷ்ணன் மைசூரிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்களே அவருடைய வண்டியை ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள் என்பதை ஒவ்வொரு செப்டம்பர் 5 அன்றும் மேடைகளில் கேட்கிறோம். அவர் மேல் அவர்கள் எவ்வளவு மதிப்பு வைத்திருந்தார்கள் என்பதை அது சொல்கிறது. தத்துவத்தை எப்படிக் கற்பித்தார் என்பதைச் சொல்வதில்லை. இனிமையாகப் பேசி எளிதாக மதிப்பெண் தருபவரும் அன்பைப் பெற்றுவிடுகிறார்.

எந்த விருது என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ்நாடு அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது பள்ளி ஆசிரியர்களுக்கானது. ஒன்றிய அரசின் தேசிய நல்லாசிரியர் விருது 1958 முதல் வழங்கப்பட்டாலும், உயர்கல்வி ஆசிரியர்களை 2023-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு 13 பேர் பெற்றார்கள். சான்றிதழும் 50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் உண்டு. நிரந்தரப் பணியில் இருப்பவராகவும் 55 வயதைத் தாண்டாதவராகவும் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். ஆகவே உங்கள் பேராசிரியரின் வயதை முதலில் விசாரியுங்கள், பிறகு அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுமையாகப் படியுங்கள். பதிவுக் கட்டணம் செலுத்தினால் விருது என்று கைப்பேசியில் வரும் அழைப்புகளைப் பொருட்படுத்தவே வேண்டாம். அங்கே விற்கப்படுவது கேடயம்.

அவருக்குத் தெரியாமல் அனுப்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அனுப்பக் கூடாது, அனுப்பவும் முடியாது. பாடத்திட்டம், வினாத்தாள்கள், பணிப்பதிவு எல்லாம் அவரிடமும் கல்லூரியிடமும்தான் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, ஒரே துறையில் ஒருவர் பெயர் மட்டும் மேலே போகும்போது ஆசிரியர் அறையில் எழும் முணுமுணுப்பைச் சுமக்கப்போகிறவர் அவர். நேரில் சென்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால், வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுத்து, அதற்குமேல் தரமதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகளையும் நிரப்பும் ஒருவரிடம் இன்னொரு கோப்பை நீட்டாமல், தாள்களைத் திரட்டி அடுக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள். முதல்வரின் கையொப்பத்துக்கு அலைவதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்கள் தோழியின் கேள்விக்குத்தான் எனக்கு மனம் கசக்கிறது. நிரந்தரப் பணி என்ற விதியின்படி கௌரவ விரிவுரையாளர் அந்த வாசலிலேயே நிறுத்தப்படுவார். நம் பகுதிக் கல்லூரிகளின் இரண்டாம் சுழற்சியில் (பிற்பகல் வகுப்புகளில்) பல வகுப்புகளை நடத்துபவர்கள் அவர்களே. ஆண்டுக்குப் பதினொரு மாதம் மட்டும் தொகுப்பூதியம் பெறுபவர்களும் அவர்களே. கற்பித்தலுக்கான விருது பணிநிலையைப் பார்த்து ஆளைக் கழிப்பது முறையற்றது, அந்த விதியை மாற்றத்தான் வேண்டும். அதுவரை உங்கள் தோழி, விருதைக் குறிப்பிடாமல், அந்த ஆசிரியரின் வகுப்பில் என்ன நடந்தது என்று கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கம் எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு படியை அவரிடமே கொடுக்கட்டும். நிரந்தரப் பணிக்கான நேர்காணலுக்குப் போகும்போது அவருடைய கோப்பில் அது இருக்கும்.