ஸ்லைடிங் ஜன்னல் வேண்டாம், கேஸ்மென்ட் போடுங்கள்
மர ஜன்னல் மழைக்கு உப்பிக்கொண்டு மூட வரவில்லை, சாலை இரைச்சலும் தாங்கவில்லை, யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) சட்டத்தில் ஸ்லைடிங், அதாவது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னல் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யுபிவிசி சரி, ஸ்லைடிங்தான் உங்களுக்கு ஒத்துவராது. கதவு ஓட வேண்டுமே, அதனால் ஓரத்தில் பிரஷ் மாதிரி மயிர்ப்பட்டைதான் வைப்பார்கள், அந்தச் சந்து வழியாகக் காற்றோடு சத்தமும் உள்ளே வந்துவிடும். கேஸ்மென்ட், அதாவது கீல் வைத்துக் கதவு போலத் திறக்கும் ஜன்னல் என்றால் கைப்பிடியைத் திருப்பியதும் ரப்பர் பட்டை (கேஸ்கெட்) சுற்றிலும் அழுந்திக்கொள்ளும். கண்ணாடி 6.38 மி.மீ. லேமினேட்டட் கேளுங்கள் (இரண்டு 3 மி.மீ. கண்ணாடி, நடுவில் 0.38 மி.மீ. பிளாஸ்டிக் படலம்), இரைச்சலைக் குறைப்பதில் அந்தப் படலத்துக்குப் பெரிய பங்கு. சட்டத்துக்குள் இரும்பு வைத்திருக்கிறார்களா என்று ஒரு வெட்டுத்துண்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். அப்புறம், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஒழுங்காக அடைக்காவிட்டால் எந்த ஜன்னலும் ஒழுகத்தான் செய்யும். கீழ்த்திண்டும் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும்.